கணக்குப் பட்டதாரியின் நாடக வழி

1994-ல் ‘காதலன்’ படத்தை ஹாஸ்டலிலிருந்து ஒரு கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். கதாநாயகியின் அப்பாவாக, கவர்னராக வந்த மனுஷன் மேல் எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு ஆத்திரம்! மறுநாள் வகுப்பில் சார் சிரித்துக்கொண்டே, “அவர்தான்யா ‘துக்ளக்’ எழுதினவர்” என்றார். எங்களுக்குத் தெரிந்த ‘துக்ளக்’ சோ எழுதியதுதான், குழம்பிப் போனோம். சோவின் நாடகம் 1968. கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதியது 1964. ராஜா ஒருவன்தான், நாடகங்கள் வேறு வேறு.

1938-ல் மாதேரானில் பிறந்த கர்னாட், தார்வாட் கர்நாடகக் கல்லூரியில் 1958-ல் கணிதமும் புள்ளியியலும் படித்துப் பட்டம் பெற்றார். கணக்கில் நிறைய மார்க் வாங்கலாம், மார்க் இருந்தால் வெளிநாடு போகலாம் என்பதே காரணம். (நம்மில் எத்தனை பேர் இதே கணக்கைப் போட்டவர்கள்!) ரோட்ஸ் உதவித்தொகையும் கிடைத்தது. ஆங்கிலக் கவிஞராவதுதான் கனவு. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் புறப்படும் நேரத்தில் எழுத வந்ததோ கன்னடம், அதுவும் நாடகம். மகனிடம் இளமையைக் கேட்டு வாங்கும் தகப்பனின் கதையான ‘யயாதி’ 1961-ல் அச்சானது. பிள்ளை கடல் தாண்டுவதை நினைத்துக் கலங்கிய பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு என்று பின்னால் அவருக்கே புரிந்தது.

1963-ல் திரும்பி, சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸில் உத்தியோகம். ‘துக்ளக்’ வெளிவந்தது இங்கே இருந்தபோதுதான். மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவிலும் இருந்தார். ஏழு வருஷம் ஓடியது. 1970-ல் வேலையை விட்டுவிட்டார்! எழுதுவதற்காக நிரந்தர வேலையை உதறுவது என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கையில் இருந்தது ஹோமி பாபா ஃபெல்லோஷிப் ஒன்றுதான்.

அதே வருஷம் அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’வுக்குத் திரைக்கதை எழுதி, பிராணேசாசாரியராகவும் நடித்தார். தணிக்கைக் குழு தடுத்த அந்தப் படமே பிறகு சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியது. 1971-ல் ‘ஹயவதனா’. இரண்டு நண்பர்களின் தலை மாறிப்போகிறது; பத்மினிக்கு இப்போது யார் புருஷன்? யட்சகானக் கூத்தின் பாணியை நவீன மேடைக்குக் கொண்டுவந்த நாடகம் இது. ஆங்கிலத்தில் முதலில் மேடையேறியது நம்ம எழும்பூர் மியூசியம் தியேட்டரில், 1972 டிசம்பரில், மெட்ராஸ் பிளேயர்ஸ் போட்டது.

அப்புறம் ‘காடு’ பட இயக்கம், புனே திரைப்படக் கல்லூரி இயக்குநர் பதவி, இந்திப் படங்கள், டிவியில் ‘மால்குடி டேஸ்’ சுவாமியின் அப்பா. சினிமாவுக்குப் போய்ச் சிதறிவிட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நாடகம் சோறு போடாது, சினிமா போட்டது. அதை அவர் மறைத்ததும் இல்லை. கேமரா முன் நின்ற அந்த வருஷங்களில்தான் ‘நாகமண்டலா’வும் ‘தலெதண்ட’வும் வந்தன. ஞானபீடம் 1998-ல்.

தலைக்கோட்டைப் போரைப் பற்றிய ‘ராக்ஷச தங்கடி’ வந்தது 2018-ல். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவர் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த சமயம் அது. 2019 ஜூன் 10-ம் தேதி பெங்களூரில் காலமானார். அரசு மரியாதை வேண்டாம் என்று சொல்லியிருந்தார், அப்படியே நடந்தது.