அருணாவைப் புரட்டிப் படுக்கவைத்த கைகள்

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணியாற்றிய ஊழியர் ஒருவரால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளானார். அப்போது அவருக்கு வயது 25. மூளைக்குப் பிராணவாயு தடைபட்டது. கண் விழித்திருக்கும், தன்னையும் சூழலையும் அறியும் உணர்வு திரும்பவில்லை. 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் இப்படியே கிடந்தார். தாக்கியவருக்குக் கிடைத்தது ஏழாண்டுச் சிறை. அதுவும் தாக்குதலுக்கும் கொள்ளைக்கும்தான். வன்புணர்வுக்குத் தண்டனையே இல்லை.

இந்த வரலாற்றைக் கருணைக்கொலை வழக்காகவே படித்துப் பழகியிருக்கிறோம். எழுத்தாளர் பிங்கி விரானியின் மனுவை 2011 மார்ச் 7 அன்று நிராகரித்த உச்ச நீதிமன்றம், இத்தகையோருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்க, உயர் நீதிமன்ற ஒப்புதலோடு வழி திறந்தது. அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை கே.இ.எம். ஊழியர்களுக்கே என்றது.

ஏன் அவர்களுக்கு? அதுதான் பெண்களின் உழைப்பு வரலாறு. ஒரு தலைமுறைச் செவிலியர் ஓய்வுபெற, அடுத்த தலைமுறை ஏற்றுக்கொண்டது. உணவைக் குழைத்து ஊட்டினார்கள், துடைத்தார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். படுக்கைப்புண் வராமல் காத்தார்கள். 1980களில் மாநகராட்சி அவரை வேறிடத்துக்கு மாற்ற முயன்றபோது போராடித் தடுத்தவர்களும் அவர்களே.

நீதிமன்றம் அவர்களின் அன்பைப் பாராட்டியது. அந்த அன்புக்குப் பின்னால் மூன்று ஷிப்ட்டுகள் இருந்தன. சம்பளம், விடுப்பு, பக்கத்திலேயே மருத்துவர், கட்டிலின் மறுபுறம் பிடிக்க இன்னொரு பெண் இருந்தார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டினால் ஒரு நாளைக்கு 12 முறை. அதை ஒற்றை ஆளால் எத்தனை நாள் செய்ய முடியும்?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ விபத்தில் தலையில் அடிபட்டு, உணர்வு திரும்பாமலே மூக்குக் குழாயோடு வீடு வரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மூன்று ஷிப்ட்டும் மனைவிக்கோ தாய்க்கோதான். அவர் எஸ்டேட் வேலையை விட்டால் அதைத் தியாகம் என்கிறோம். சம்பளத்துக்கு ஆள் வைத்தால், வருபவரும் பெண்தான். அவர் வீட்டுப் பிள்ளையை இன்னொரு பெண் பார்த்துக்கொள்வார்.

2018இல் முன்கூட்டிய மருத்துவ உயிலையும் நீதிமன்றம் ஏற்றது. கண்ணியமாக இறக்கும் உரிமை எழுதப்பட்டுவிட்டது. அதுவரை பார்த்துக்கொள்பவரின் கூலியும் தூக்கமும் இன்னும் எழுதப்படவில்லை. அருணாவின் கதையைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே கேட்போம்.