பிச்சைச் சம்பளமும் வாடகை அறையும்

மன்னார் நகரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெயர் வேண்டாம். முசலிக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்த கடற்றொழிலாளி. யுத்த காலத்தில் மிதிவெடியில் அகப்பட்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். யாழ்ப்பாணத்தில் பொருத்திய ஜெய்ப்பூர் காலுடன், பிறருடைய வலைகளைத் திருத்திக் கொடுத்து வாழ்கிறார். குடியிருப்பது ஒரு வீட்டின் பின்புறத்து அறையில். மாதாந்தம் கிடைக்கும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவில் பெரும்பகுதி அந்த அறைக்கே போய்விடுகிறது.

கடைசியாக அவரைச் சந்தித்தபோது ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, போன காலுக்கு ஒரு தொகை குறிச்சு வைச்சிருக்கிறாங்கள். நான் படுக்கிற இடத்துக்கு ஏன் ஒண்டும் குறிக்கேல்லை? லண்டனில இருக்கிற என்ர மருமகனுக்கு வீட்டு வாடகையையும் அரசாங்கம் குடுக்குதாமே?"

பத்திரிகைத் தொழிலில் இத்தனை காலம் கழித்தும் அக்கேள்விக்கு அவ்விடத்திலேயே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. வீடு திரும்பியதும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். கிடைத்த பதிலை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது முதியவர்கள் அரசின் மாதாந்த உதவிப் பணத்தைப் 'பிச்சைச் சம்பளம்' என்று அழைத்ததை நானறிவேன். சிங்கள மக்கள் அதனையே 'பின் படி' என்றனர். புண்ணியச் சம்பளம் என்று பொருள் கொள்ளலாம். ஒரு மொழி வாங்குபவரின் நாணத்தைச் சொன்னது. மற்றது கொடுப்பவரின் புண்ணியத்தைச் சொன்னது. உரிமை என்ற சொல்லை இரண்டு மொழிகளும் அப்போது தேடவில்லை.

இலங்கையில் வறியோர் உதவியின் தொடக்கம் தனியார் தருமத்தில்தான். 1831இல் கொழும்பில் நிறுவப்பட்ட 'பிரெண்ட் இன் நீட்' சங்கம் அவ்வகையில் மூத்தது. வெடர்பர்ன் ஆணைக்குழு 1934இல் அளித்த அறிக்கையின் பின்னரே அரசு முழுமையாகக் கண் திறந்தது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் வந்தது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களில் பொறுப்பு மாநகர சபைகளிடம் சென்றது. மன்னார் போன்ற பகுதிகளிலோ அது மத்திய அரசின் தலையிலேயே விழுந்தது. விதானையார் சிபாரிசு செய்வார், கச்சேரி அனுமதிக்கும். 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் உருவான பின்பும் கிராமத்தவருக்கு விதானையாரே வாசற்படி.

அந்த உதவி ஓர் அனுமானத்தின்மீது கட்டப்பட்டது. வறியவருக்கு உணவில்லை, மருந்தில்லை. ஆனால் தலைக்கு மேல் ஏதோ ஒரு கூரை உண்டு என்பதே அந்த அனுமானம். அக்கால மன்னாரை எண்ணிப் பார்த்தால் அது முற்றிலும் பிழையுமன்று. பேசாலையிலோ வங்காலையிலோ எருக்கலம்பிட்டியிலோ ஆதரவற்ற ஒருவருக்கு உறவினர் வீட்டுத் திண்ணை இருந்தது. நான்கு தடியும் சில கிடுகுகளும் இருந்தால் பிறர் காணியில் ஒரு கொட்டில் எழும்பும். வாடகை என்பது கொழும்புக்காரரின் கவலையாகவே கருதப்பட்டது.

கொழும்புக்காரரின் கவலைக்கு அரசு வேறு மருந்து வைத்திருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சுதந்திரத்தின் பின் 1948இல் அது புதிய சட்டமாயிற்று. 1972இல் இன்னும் கடுமையாயிற்று. இவை யாவும் வீட்டுச் சொந்தக்காரரின் கையைக் கட்டினவேயன்றி, வாடகை கொடுக்க முடியாதவரின் கையில் ஒரு சதமேனும் வைக்கவில்லை. இவ்வாறு வாடகை ஒரு சட்டப் புத்தகத்திலும், வறுமை வேறொரு சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டன. இரண்டும் ஒரே மனிதரிடம் சந்திக்கக்கூடும் என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

நிற்க. நண்பர் குறிப்பிட்ட லண்டன் கதைக்கு வருவோம். 1942இல் பெவரிட்ஜ் பிரபு ஆவதற்கு முன்னர் எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் 'வாடகைப் பிரச்சினை' தனியாகவே ஆராயப்பட்டது. உணவின் விலை ஊருக்கு ஊர் பெரிதாக வேறுபடுவதில்லை; வாடகை வேறுபடும். எனவே எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்தால், வாடகை கூடிய ஊரில் வாழ்பவர் பட்டினி கிடப்பார் என்பதே சிக்கல். அவர் அதற்கு நிறைவான விடை காணவில்லை என்பதே பலரின் கருத்து. ஆனால் 1948இன் தேசிய உதவிச் சட்டத்தின் கீழ், வாழ்க்கைச் செலவுக்கான தொகையோடு நியாயமான வாடகையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது 'ஹவுசிங் பெனிபிட்' என்ற தனிக் கொடுப்பனவாயிற்று. இன்று உழைக்கும் வயதினர் பெரும்பாலும் 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற பெயரில் அதனைப் பெறுகின்றனர். அங்கும் குறைகள் மலிந்துள்ளன. ஆயினும் கேள்வி படிவத்தில் இருக்கிறது: 'உமது வாடகை எவ்வளவு?'

இலங்கையிலும் அதே காலத்தில் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தது. ஆனால் அடுத்து வந்த அரசுகள் பங்கீட்டு அரிசியையும் இலவசக் கல்வியையும் வைத்தியத்தையுமே தாங்கிப் பிடித்தன. அவை பெரும் சாதனைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாடகை மட்டும் வெளியே நின்றது.

பிறகு யுத்தம் வந்தது. 1939இன் அனுமானத்தை அது அடியோடு தகர்த்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மன்னார்த் தீவின் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்து புத்தளத்தின் முகாம்களில் ஒதுங்கினர். அதே ஆண்டில் தமிழர்களுக்காக மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் திறந்த நிவாரண மையங்களை அமைத்தது. இன்னும் பலர் கடல் கடந்து இராமேஸ்வரம் சென்றனர்.

திண்ணை போயிற்று, கொட்டில் போயிற்று, உறவினரும் அகதியாயினர். இப்போது கூரையே முதற் பிரச்சினை. அதற்குக் கிடைத்த விடை, முகாம். உலர் உணவும் கூரையும் ஒரே இடத்தில் தரப்பட்டன. இடத்தை விட்டால் இரண்டையும் விட வேண்டியதே.

இதனை மிகத் துலக்கமாகக் காட்டுவது தமிழ்நாடு. மண்டபம் முகாமின் கதை விசித்திரமானது. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து வைத்து நோய் பரிசோதித்த இடம் அது. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின் பின் அங்கிருந்து திரும்பியோர் அதன் வழியே வந்தனர். 1983இன் பின் அகதிகள் வந்தனர். முகாமில் தங்கியவருக்கு வீடு இலவசம், மாதாந்தப் பணக்கொடை, மலிவு அரிசி. 2021இல் தமிழக அரசு அந்தப் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,000 இந்திய ரூபாவிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும் அறிவித்தது. ஆனால் பொலிசில் பதிந்துவிட்டு முகாமுக்கு வெளியே வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அந்தக் கொடை இல்லை. வாடகை கொடுப்பவர் வசதியானவர் என்ற கணக்கு! வாடகை கொடுப்பதாலேயே ஒருவர் வறியவராகலாம் என்பது அக்கணக்கில் ஏறவில்லை.

2009இல் யுத்தம் முடிந்தபின் மன்னாரில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் தன் வீட்டைத் தானே கட்டும் குடும்பம் ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. தெரிவின்போது பெண் தலைமைக் குடும்பங்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களுக்கும் முன்னுரிமை இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் வீடு கட்ட நிலம் வேண்டும். நிலத்துக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேறு சான்றோ வேண்டும். என் நண்பரின் தந்தை வாழ்ந்தது பிறர் தென்னங்காணியில் ஒரு கொட்டிலில். ஒரு காலை இழந்ததற்குப் புள்ளி கிடைத்தது; நிலத்தை ஒருபோதும் பெற்றிராததற்குப் புள்ளி கிடைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல், 28ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. மாதாந்தக் கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து படிப்படியாக உயர்ந்து 2024இல் 7,500 ரூபாவாகவும், 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாகவும் ஆயிற்று. 1995இன் சமுர்த்தி யுத்தம் காரணமாக வடக்கில் ஒழுங்காக நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. 2023 ஜூலையில் அதன் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. ஆறு பரிமாணங்களில் 22 அளவுகோல்கள். அவற்றுள் வீட்டின் நிலையும் ஒன்று. ஆக, வீட்டைப் பற்றி அரசு இப்போது கேட்கத்தான் செய்கிறது. தகுதியை அளக்கவே கேட்கிறது. தகுதி கிடைத்தபின் தரப்படும் தொகை, சொந்தக் கூரையின் கீழ் வாழ்பவருக்கும் வாடகை அறையில் வாழ்பவருக்கும் ஒன்றே. பெவரிட்ஜ் 1942இல் கண்ட அதே சிக்கல், மன்னாரின் பின்புறத்து அறையில் இன்றும் குந்தியிருக்கிறது.

இலங்கை அரசுக்கு வாடகை கொடுக்கத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 2010 மே மாதத்தில் கொழும்பு கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டபோது, மாற்று வீடு கிடைக்கும்வரை குடும்பங்களுக்கு வாடகைப் பணம் வழங்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மன்னார் உட்பட நாட்டையே மூழ்கடித்தபோது, வீடிழந்தோருக்குச் சில மாத வாடகைக்கான தொகை அறிவிக்கப்பட்டது. அரசே இடித்தால் வாடகை உண்டு; புயல் இடித்தால் வாடகை உண்டு. யுத்தம் இடித்தவருக்கும், இடிபடுவதற்கு ஒரு வீடே இல்லாதிருந்தவருக்கும் அந்த வாசல் திறக்கவில்லை.

இதற்குப் பெரும் புரட்சி தேவையில்லை என்பது என் எண்ணம். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவின் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: 'வாடகைக்குக் குடியிருப்பவரா? எவ்வளவு?' உச்ச வரம்பு ஒன்றைப் பிரதேசத்துக்குப் பிரதேசம் வகுத்து, கிராம அலுவலர் உறுதிப்படுத்த, கொடுப்பனவோடு ஒரு சிறு தொகையைக் கூட்டலாம். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சலாம். நியாயமான அச்சமே. அதற்காகத்தான் உச்ச வரம்பு.

அடுத்த முறை மன்னாருக்குப் போகும்போது நண்பரிடம் சொல்ல இப்போது என்னிடம் பதில் உண்டு. 'உங்களை மறந்து இச்சட்டத்தை எழுதவில்லை ஐயா. உங்களுக்கு எங்காவது ஒரு திண்ணை இருக்கும் என்று நம்பி எழுதினார்கள்' என்பதே அது. அவர் சிரிப்பார் என்று நினைக்கிறேன். பின்னர், அடுத்த மாத வாடகைக்கு இன்னும் எத்தனை வலை திருத்த வேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்குவார்.