சாணத்துக்கு மாற்று தேடிய ஊர்

நெய்வேலி என்றதும் இன்று எவருக்கும் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரை உருவாக்க நினைத்தவர்கள் மனத்தில் மின்சாரத்தோடு வேறு இரண்டு பொருள்களும் இருந்தன. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. அங்கே தொடங்கிய தேடல் 1956 நவம்பர் 14 அன்று ஒரு பொதுத்துறை நிறுவனமாகப் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளிச்சம் கண்டது. தொடக்க காலத்தில் வகுத்த ஒருங்கிணைந்த திட்டத்தின்படி ஆண்டுக்கு 35 லட்சம் டன் நிலக்கரி வெட்ட வேண்டும். அதன் ஒரு பங்கு 250 மெகாவாட் அனல் மின்நிலையத்துக்கும், ஒரு பங்கு 1,52,000 டன் யூரியா செய்யும் உர ஆலைக்கும், மற்றொரு பங்கு வீட்டு அடுப்பில் புகையில்லாமல் எரியும் கரிக்கட்டி செய்யும் ஆலைக்கும் போகும். அந்தக் கட்டிக்கு 'லெகோ' என்று பெயர். யூரியாவையும் லெகோவையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒன்று வயலுக்கு, ஒன்று அடுப்புக்கு. அதுவரை நெய்வேலி அடங்கிய தென்னாற்காட்டில் இந்த இரண்டு வேலையையும் சுமந்துகொண்டிருந்தது மாட்டுச் சாணம். நெய்வேலியின் வரலாற்றைச் சாணத்தின் வரலாறாகவும் வாசிக்கலாம் என்பது என் கட்சி. அப்படி வாசித்தால், அந்தத் திட்டம் சாணத்தின் இரண்டு வேலைகளுக்கு மாற்றுக் கண்டதையும், மூன்றாவது வேலை ஒன்றைக் கணக்கில் விட்டதையும் பார்க்க முடியும்.

பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கொல்லையின் ஒரு மூலையில் எருக்குழி. விடிந்ததும் தொழுவத்தைக் கூட்டி, சாணத்தையும் மாடு தின்று கழித்த வைக்கோலையும் அடுப்புச் சாம்பலையும் அதில் கொட்டுவார்கள். கோடையில் குழியை வெட்டி, வண்டியில் ஏற்றி, வயலில் சிறு சிறு குவியலாகப் போட்டு, மழைக்கு முன் கலைத்துவிடுவார்கள். இதற்குக் குப்பை அடிப்பது என்று பெயர். சாணம் முழுவதும் குழிக்குப் போனதில்லை. ஒரு பங்கில் பதரையும் வைக்கோல் துணுக்கையும் பிசைந்து, உருட்டி, சுவரில் அறைந்து, ஐந்து விரலும் பதிந்த வறட்டியாகக் காயவைத்தார்கள். எரிந்த வறட்டியின் சாம்பல் பாத்திரம் துலக்கவும், கத்தரிச் செடியில் பூச்சிக்குத் தூவவும் ஆனது. மிஞ்சியது மீண்டும் குழிக்கே வந்தது. நம் வேளாண் தமிழ் பொட்டாசியத்துக்குச் சாம்பல் சத்து என்று பெயர் வைத்திருப்பது மிகப் பொருத்தம். வறட்டி எரியும்போது தழைச்சத்து என்னும் நைட்ரஜன் எல்லாம் புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்து என்னும் பாஸ்பரசும் சாம்பல் சத்தும் சாம்பலில் தங்கிவிடுகின்றன. ஆகவே வறட்டி எரிப்பது முழு நட்டம் என்று சொல்வது சரியில்லை. சாம்பல் வயலுக்குத் திரும்பிய வீட்டில் அது பாதி நட்டம். எருக்குழிக்கு அப்பால் கிடையும் இருந்தது. அறுவடை முடிந்த நிலத்தில் இரவெல்லாம் ஆடுகளையோ மாடுகளையோ அடைத்து வைத்தால், சாணத்தோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கும். இந்த மூத்திரம்தான் முக்கியம். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியும், சாம்பல் சத்தின் பெரும்பகுதியும் மூத்திரத்தில் இருக்கின்றன. தொழுவத்து மண்தரை அதைக் குடித்துவிடும். கிடை அதை வீணாக்காது. ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்ற பழமொழி, எந்த எரு எவ்வளவு வேகத்தில் மட்கிச் சத்தைக் கொடுக்கும் என்ற கணக்கைத் தலைமுறைகளுக்குக் கடத்தியது.

சாணம் அடுப்புக்குப் போவதை அதிகாரபூர்வமான கவலையாக மாற்றியவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியல் அறிஞர். 1889இல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றிய அவர், 1893இல் வெளியிட்ட அறிக்கையில் இந்திய உழவனுக்கு எருவின் அருமை தெரியாது என்ற அதிகாரிகளின் பேச்சை ஏற்கவில்லை. விறகு கிடைக்கும் இடத்தில் உழவன் சாணத்தை எரிப்பதில்லை, கிடைக்காத இடத்தில்தான் எரிக்கிறான் என்று கண்டு, ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்கச் சொன்னார். எண்ணெய் வித்துகளும் எலும்பும் கப்பலேறுவதையும் மண்ணின் வளம் நாட்டை விட்டுப் போவதாகவே அவர் பார்த்தார். நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் பூமிக்கு இது நேரடியாகப் பொருந்தும். இங்கே மல்லாட்டை என்று சொல்லப்படும் நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய்ல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. எண்ணெயில் தழைச்சத்து கிடையாது. எண்ணெய் மட்டும் போயிருந்தால் பிண்ணாக்கு ஊரில் தங்கி, மாட்டின் வயிறு வழியாகவோ நேராகவோ வயலுக்குத் திரும்பியிருக்கும். பருப்பாகவே போனதால் நூற்றுக்கு ஏழு பங்கு தழைச்சத்துள்ள பிண்ணாக்கும் கூடவே போயிற்று. மண்ணின் வறுமைக்கு வறட்டி தட்டிய பெண்களின் கையை மட்டும் காரணம் காட்டும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. துறைமுகத்தில் ஏறிய மூட்டைகளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இந்தப் பின்னணியில் 1966இல் நெய்வேலியின் உர ஆலை உற்பத்தி தொடங்கியது. மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா ஆலைகள் வருவதற்கு முந்தைய காலம் அது. தஞ்சையில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் 1960இலேயே வந்துவிட்டது. ஆடுதுறை 27 நெல் அப்போதுதான் வயலுக்கு இறங்கியிருந்தது. அத்தகைய புதிய ரகங்கள் தழைச்சத்தைக் கேட்டு வாங்கித் தின்னும். ஆலையின் முழுத் திறனான 1,52,000 டன் யூரியாவில் ஏறத்தாழ 70,000 டன் தழைச்சத்து அடங்கும். நம் தொழு எருவில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், அதே அளவைச் சாணக் குழிகளிலிருந்து எடுக்க 1 கோடியே 40 லட்சம் டன் எரு வேண்டும். ஒரு டன் ஏற்றும் மாட்டுவண்டிகளில் அதை அடிக்க 1 கோடியே 40 லட்சம் நடை ஆகும். இந்தக் கணக்கை யூரியாவே வந்திருக்கக் கூடாது என்பவர்கள் முன் வைக்க விரும்புகிறேன். 1940களிலேயே ஜே.சி. குமரப்பா செயற்கை உரம் மண்ணின் உயிரைக் கெடுக்கும் என்று வாதிட்டார். அந்த எச்சரிக்கையின் பாதி பின்னால் மெய்யாயிற்று. ஆனால் மாடு சத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்கு மாற்றுகிறது. மேய்ச்சல் புறம்போக்கின் புல்லும் ஏரிக்கரையின் தழையும்தான் சாணமாகி நஞ்சைக்கு வந்தன. ஜனம் பெருகி, புறம்போக்கும் பட்டாவாக மாறியபின், மாற்றிக் கொண்டுவர அங்கே புல் மிச்சமில்லை. காற்றிலிருந்து புதிதாகத் தழைச்சத்தைப் பிடிக்கும் வழி தேவைப்பட்டது. அவரை இனப் பயிர்கள் அதைச் செய்யும், ஆனால் ஒரு பருவ நிலத்தைக் கேட்கும். நெய்வேலி ஆலை நிலக்கரியை வாயுவாக்கி அதைச் செய்தது. பசி அருகில் நின்ற ஆண்டுகளில் அது சரியான விடை.

சரியான விடையாக இருந்தாலும் அது முழு விடை ஆகவில்லை. இதற்குக் காரணம் எருவின் மூன்றாவது வேலை. தொழு எருவில் தழைச்சத்து அரை விழுக்காடுதான் என்றால், மீதியெல்லாம் என்ன? ஈரம் போக, பெரும்பகுதி மட்கு. செம்மண்ணில் மட்கு இல்லாவிட்டால் மழைநீர் தங்காது, போட்ட யூரியாவும் தங்காமல் அடியில் இறங்கிவிடும் அல்லது ஆவியாகும். மட்கு மண்துகள்களைக் கட்டி நிறுத்துகிறது, மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனி போடுகிறது. மூட்டையில் எழுதும் எண்ணில் இது வராது. சத்து என்பது எண்ணாக மாறிய நாளிலிருந்து, எருவை யூரியாவோடு ஒப்பிட்டு அரை விழுக்காட்டுச் சரக்கு என்று தள்ளுவது எளிதாயிற்று. 1992இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு யூரியாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டபோது ஒப்பீடு இன்னும் கோணலானது. இன்று 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு டிராக்டர் குப்பைக்குச் சில ஆயிரம் ஆகும், ஏற்றி இறக்க ஆள் கூலி தனி. இந்த விலையில் குப்பை அடிக்காத உழவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யூரியா வயலின் பாரத்தைக் குறைத்து, லெகோ அடுப்பின் பாரத்தைக் குறைத்தால் விடுபட்ட சாணம் முழுவதும் மட்காக வயலுக்குப் போயிருக்கும் அல்லவா என்று கேட்கலாம். ஏட்டில் அழகான யோசனைதான். நிலக்கரியைப் பொடித்து, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, காற்றில்லாத உலையில் சுட்டெடுத்த லெகோ கும்மட்டி அடுப்பில் நன்றாக எரிந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அது. வறட்டிக்குக் காசு வேண்டாம், உழைப்பு போதும், அந்த உழைப்புக்கு யாரும் கூலி கணக்கிட்டதில்லை. லெகோ பட்டணத்து அடுப்புக்குப் போயிற்று, தொழிற்சாலைகளும் வாங்கின. முந்திரிச் சுள்ளியும் சவுக்கு விறகும் பனை மட்டையும் கிடைத்த கடலூர்ப் பக்கத்துக் கிராமம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுப்பையும் வயலையும் ஒரே சாணத்தால் நிறைவிக்கும் வழி வேறொன்று அதே காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1939இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்திலிருந்து எரிவாயு எடுத்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் ஜஷ்பாய் படேல் இரும்பு மூடி மிதக்கும் கலனை அமைத்தார். கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 1981இல் அது தேசியத் திட்டமாயிற்று. இதில் கரிமத்தின் ஒரு பங்கு வாயுவாக அடுப்பில் எரிகிறது. தழைச்சத்து முழுவதும் சாணக் கழிவில் தங்கி வயலுக்கு வருகிறது. வறட்டி விட்ட இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சமைக்கப் போதுமான 2 கன மீட்டர் வாயுவுக்குத் தினம் 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது நான்கைந்து மாடு. ஒரு பசு வைத்திருப்பவளுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. கழிவை வெயிலில் காயப்போட்டால் அதிலுள்ள தழைச்சத்து ஆவியாகப் போய்விடும் என்பதும் பலருக்குச் சொல்லப்படவில்லை.

கடைசியில் சாணத்தை அடுப்பிலிருந்து விடுவித்தது சமையல் எரிவாயு உருளை. 2007இல் தமிழக அரசு இலவச அடுப்பு கொடுக்கத் தொடங்கியபின் வறட்டி வேகமாக மறைந்தது. வோல்க்கர் காலத்திலிருந்து எதிர்பார்த்த விடுதலை அது. அடுப்பு ஒன்றுதான் தடை என்ற எண்ணம் உண்மையானால், அதன்பின் எருக்குழிகள் நிரம்பி வயல்கள் கறுத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. உழவு மாடும் வண்டி மாடும் டிராக்டருக்கு இடம் விட்டன. தொழுவத்தில் மிஞ்சியது பாலுக்கு வளர்க்கும் கலப்பினப் பசு. அது வெளியே மேயப் போவதில்லை, கட்டுத்தறியிலேயே நிற்கிறது. சிமெண்டுத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள், சாணமும் மூத்திரமும் சாக்கடையில் ஓடுகின்றன. மேய்ச்சலில் பரவலாக விழுந்த சத்து இப்போது ஓரிடத்தில் குவிந்து, அங்கே மாசாகிறது. நூறு கஜம் தள்ளி வயல் யூரியாவுக்கு ஏங்குகிறது. நெதர்லாந்தில் பெரும் பால்பண்ணைகள் இன்று இதே சிக்கலைச் சட்டம் போட்டும் எந்திரம் வைத்தும் கட்டுப்படுத்தப் பார்க்கின்றன. நம் சிறு தொழுவத்துக்கு அவ்வளவு தேவையில்லை. கட்டுத்தறியில் உலர்ந்த மண்ணையோ தென்னை நார்க்கழிவையோ பரப்பி, மூத்திரம் ஊறியதும் வாரிக் குழியில் போடும் பழைய முறையே பாதி இழப்பைத் தடுக்கும். குழிக்கு மேல் ஒரு கீற்றுப் பந்தல் போட்டால் மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போகாது. தினம் ஒரு மணி நேர வேலை இது. அந்த நேரத்துக்கு விலை கொடுக்க யாரும் முன்வராததுதான் தடை. பாலுக்கு லிட்டர் கணக்கில் காசு எண்ணிக் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் நன்றாக மட்கிய எருவுக்கும் எடை போட்டுக் கொடுத்தால் நிலைமை மாறும் என்று நம்புகிறேன்.

நெய்வேலியின் உர ஆலை பின்னாளில் நிலக்கரியை விட்டு எரியெண்ணெய்க்கு மாறியது. அதன் பிறகு தன் காலடியில் கிடைக்கும் பொருளால் செய்த யூரியா என்ற நியாயமும் அதற்கு இல்லை. இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அதுவும் லெகோ ஆலையும் மூடப்பட்டன, அனல் மின்நிலையங்கள் மட்டும் பெருகின. ஆனால் ஊர் சாணத்தின் கேள்வியிலிருந்து விடுபடவில்லை. பழுப்பு நிலக்கரி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காட்டின் தழை, பாதி மட்கிய நிலையில் மண்ணுக்கடியில் நின்றுபோனது. அதைக் காரத்தில் ஊறவைத்தால் கரிய நீர்மம் ஒன்று பிரியும். ஹியூமிக் அமிலம் என்ற அந்தப் பொருளைப் பொட்டாஷ் உப்பாக்கி, பயிருக்குத் தெளிக்கும் இடுபொருளாக நெய்வேலியின் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. தயாரித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பயிர்களில் சோதித்தது. மட்குக்கு மதிப்பு உண்டு என்பதை யூரியா செய்த ஊரே இதன்மூலம் ஒப்புக்கொண்டது. இந்த நீர்மம் ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில்தான் விழும், எரு டன் கணக்கில் விழும். வேரைத் தூண்ட முதலது உதவும், மண்ணைக் கட்ட இரண்டாவதால்தான் ஆகும். இதற்குச் சான்று சுரங்கத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் பல மடங்கு மண்ணை வாரி வெளியே கொட்டுகிறார்கள். மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்த அந்த மேடுகளில் தழைச்சத்து இல்லை, மட்கு இல்லை, நுண்ணுயிர் இல்லை. அங்கே மரமும் பயிரும் வளர்க்க ஆராய்ச்சியாளர்கள் செய்துபார்த்தவற்றில் சாம்பலும் கரும்பாலைக் கழிவும் பசுந்தாள் உரமும் ஹியூமிக் அமிலமும் இருந்தன. அவற்றோடு தொழு எருவும் இருந்தது. குழி வெட்டி, கன்று வைப்பதற்கு முன், சுற்றியுள்ள கிராமங்களின் தொழுவம் இருபது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு எதைக் குழியில் சேர்த்து வைத்ததோ அதைத்தான் முதலில் போட வேண்டியிருந்தது.