அடமான வீடும் வாரிசுரிமையும்

அடமானத்திலுள்ள வீட்டை விற்றால், மீதிக் கடன் முழுவதையும் உடனே செலுத்த வேண்டும் என்னும் விதி அமெரிக்கக் கடன் பத்திரங்களில் வழக்கமாக இடம்பெற்றது. 1970களில் வட்டி ஏறியபோது, வீடு வாங்கியோர் பழைய குறைந்த வட்டிக் கடனையே தொடர விழைந்தனர். வங்கிகளோ இவ்விதியைக் காட்டி மறுத்தன. அடமானத்திற்கு ஊறு நேருமென மெய்ப்பித்தாலன்றி விதி செல்லாது என 1978இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1982இல் இயற்றப்பெற்ற கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம் வங்கிகளுக்கே வலிமை சேர்த்தது. ஆயினும் அச்சட்டம் குடும்பத்தை மறக்கவில்லை. குடியிருக்கும் இல்லம், கடன்பட்டவரின் மறைவால் உறவினரைச் சேர்ந்தாலும், மனைவி மக்களுக்கு உரிமையானாலும், வங்கி முழுத்தொகை கேட்கலாகாது என விலக்களித்தது. தவணைக் கடமை நீங்குவதில்லை. ஆனால், உரிமை மாறிய ஒரே காரணத்தால் துயருற்ற குடும்பம் தெருவில் நிற்க நேராது.