ஏர் ஸ்குரூவிலிருந்து ஈசியூ வரை

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பது அரிது. நிட்டிங்கில் பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஊரையே சுற்றி வரும். ஒவ்வொரு படியும் வேறொருவருடைய ஜாப் ஒர்க். 1925 வாக்கில் தொடங்கிய பின்னல் தொழில் 1970-களின் இறுதியில் இத்தாலிக்கு ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வளர்ந்தபோது, இந்தச் சுற்றும் கூடவே வளர்ந்தது. பட்டறைக்குப் பட்டறை பண்டல் சுமக்க மலிவான வண்டி தேவைப்பட்டது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-உம், பின்னால் வந்த எக்ஸ்எல் வண்டிகளும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. இழுவை குறைந்தாலோ பெட்ரோல் அதிகம் குடித்தாலோ தெருமுனை மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வார். ஏர் ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சரிசெய்வார். டியூனிங் என்பது அன்று அவ்வளவுதான். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

எந்திரத்தைத் திறந்து பார்த்துக் கற்பது கொங்கு நாட்டின் பழைய வழக்கம். ஜி.டி. நாயுடு இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டித்தான் எந்திரவியல் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர் அவர். நிட்டிங் ஃபிட்டரின் வேலையும் இதே வகைதான். ஆர்டர் கேட்கும் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை, வரும்வரை அவர் லூப் நீளத்தைக் கூட்டிக் குறைப்பார். எந்திரம் வந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று யாரும் கருதியதில்லை. வேலைக்கு ஏற்றபடி அதைத் திருத்திக்கொள்வது உடையவரின் உரிமையாகவே இருந்தது.

இந்த உரிமை கைமாறியது மெதுவாகத்தான். கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் பீய்ச்சும் முறையோடு 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தது; 2007-இல் அதே முறையோடு வந்த பஜாஜ் பல்சர் 220, 2009-இலேயே கார்புரேட்டருக்குத் திரும்பிவிட்டது. அந்தத் தயக்கத்துக்கு 2020 ஏப்ரல் 1 முற்றுப்புள்ளி வைத்தது. பிஎஸ் 6 மாசு விதி வந்ததும் பண்டல் சுமக்கும் எக்ஸ்எல் 100 கூட ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. இன்ன வேகத்தில், ஆக்சிலேட்டரை இவ்வளவு திறந்தால், இத்தனை நேரம் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும் என்ற அட்டவணை ஈசியூ என்ற சிறு கணினிக்குள் போய்விட்டது. அந்த அட்டவணையை மாற்றி எழுதினால் ரீமேப். அதைத் தொடாமல், சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே இன்னொரு பெட்டியைச் செருகினால் பிக்கிபேக். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் பவர்டிரானிக் இந்த வகை. ஏர் ஸ்குரூ திருகியவரின் வேலைதான் இது, கருவி மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் இன்று இதைச் செய்தால் மொத்த வாரண்டியும் போய்விடும் என்ற அச்சம் உடையவரைத் தொடர்கிறது. மாற்றத்தால் விளைந்த பழுதுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்க வேண்டும். மாற்றம் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக முழுதாகப் பறிப்பது நியாயம் இல்லை என்பதே என் வாதம்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்தின் அளவுக்கே ரத்து செய்யலாம் என்று அந்த ஆணை வரம்பு கட்டியது. சில நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆணை கார்களைப் பற்றியது, டியூனிங்கைப் பற்றியதும் அல்ல. ஆயினும் அதன் அளவுகோல் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டத்தை வைத்து, 2022-இல் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் வாரண்டி நிபந்தனைகளை அந்நாட்டு வர்த்தக ஆணையம் திருத்த வைத்தது.

புகையை என்ன செய்வது என்ற எதிர்க்கேள்வி கனமானது. ரீமேப் மாசைக் கூட்டலாம். அளவுக்கு மேல் மாசு கக்கவைக்கும் டியூனிங் கருவிகளை விற்றதாக அதே ஹார்லி நிறுவனம் 2016-இல் 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றின் மாசுக்காக உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைக் கண்ட ஊர், மாசை அற்பமாக நினைக்க முடியாது. ஆனால் மாசுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு அரசு தண்டிக்கட்டும். ஈசியூவோடு தொடர்பே இல்லாத வீல் பேரிங் தேய்ந்ததற்கு வாரண்டியை மறுப்பதால் காற்று சுத்தமாகாது.

எது எதனால் கெட்டது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது என்பது அடுத்த தடை. பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடி பிஸ்டன் வெந்திருந்தால் ரீமேப்பைச் சந்தேகிப்பது முறையே. அந்தச் செலவை உடையவர் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பழுதுக் குறியீடுகளைப் பதிந்து வைக்கும் ஈசியூவைப் படிக்கும் கருவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. காரணத்தைக் கண்டறியும் வசதி யாரிடம் உள்ளதோ, காட்டும் பொறுப்பும் அவரையே சேரும். திருப்பூர் இதைத் தன் தொழிலில் நெடுநாளாகச் செய்து வருகிறது. துணியில் ஊசிக் கோடு விழுந்தால் டெபிட், அதாவது கூலியில் பிடித்தம், நிட்டிங்குக்கு. சாயம் திட்டாக விழுந்தால் சாயப்பட்டறைக்கு. தையல் பிரிந்தால் தைத்தவருக்கு. துணி பல கை மாறியது என்பதற்காக யாரும் எல்லோர் மேலும் டெபிட் போடுவதில்லை. பழுதைப் பார்த்து, அது எந்தப் படியில் விழுந்தது என்று பிரித்த பிறகே கணக்கு எழுதுகிறார்கள். அந்தத் துணியைச் சுமந்துபோகும் வண்டிக்கும் அதே கணக்கைத்தான் கேட்கிறோம்.