ரயில் பெட்டிக்குள் வந்த காற்று

ஓடும் ரயிலுக்கு வெளியே காற்றுக்குப் பஞ்சமில்லை. அதைப் பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் இந்திய ரயில்வேக்கு வெகுகாலம் தலைவலியாக இருந்தது. நீராவி எஞ்சின் காலத்தில் சன்னலைத் திறந்தால் கரித்தூளும் புழுதியும் நுழைந்தன. மூடினால் உள்ளே புழுங்கியது. முதல் வகுப்புப் பயணிகளுக்குச் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு அந்த வகுப்பில் வந்த காந்தி, 22 பேருக்கான பெட்டியில் 35 பேர் வரை அடைந்து கிடந்ததை எழுதியிருக்கிறார்.

செலவில்லாத ஒரு வழியும் இருந்தது. கூரைமேல் வரிசையாகப் பொருத்திய டார்பிடோ வென்டிலேட்டர்கள், எதிர்க்காற்றின் வேகத்தாலேயே உள்ளிருக்கும் சூடான காற்றை உறிஞ்சி வெளியேற்றின. மின்சாரமும் வேண்டாம், சத்தமும் இல்லை. ஆனால் வண்டி நின்றால் அவற்றின் வேலையும் நின்றுவிடும். புழுக்கம் உச்சத்துக்கு ஏறுவதோ அப்போதுதான்.

1902இல் ஜோத்பூர் ரயில்வே தன் பெட்டிகளில் மின்விளக்கை நிலையான வசதியாக்கியது. விளக்குக்கு வந்த மின்சாரமே பின்னர் விசிறிக்கும் வழிவிட்டது. சக்கர அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் டைனமோ, பெட்டிக்கடியில் தொங்கும் பேட்டரிகளுக்கு மின்னேற்றியது. வண்டி ஓரளவு வேகம் பிடித்த பிறகே டைனமோ மின்சாரம் தரும். நிலையத்தில் நிற்கும்போது எல்லாச் சுமையும் பேட்டரியின் தலையில். ஆகவே விசிறி சிறியதாகவும் சிக்கனமானதாகவும் இருந்தாக வேண்டியிருந்தது. 24 வோல்ட், பிறகு 110 வோல்ட் என்ற நேர்மின்னோட்ட அளவுகள் இந்தக் கணக்கில் பிறந்தவை. வீட்டுக்குத் திருடிப் போனாலும் ஓடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்பது சுவையான கதை. வீட்டு மின்சாரத்தில் அது ஓடாது என்பது உண்மைதான். ஆனால் காரணம் திருடனல்ல, பேட்டரி.

1934இல் பிராண்டியர் மெயிலில் ஓடிய முதல் குளிர்ப்பெட்டியும் விசிறியையே நம்பியிருந்தது. தளத்துக்கடியில் பனிக்கட்டிகளை அடுக்கினார்கள். அவற்றின் மீது பட்ட காற்றைப் பேட்டரியில் ஓடும் விசிறி உள்ளே தள்ளியது. கரைந்த பனிக்கட்டிக்குப் பதில் வழிநிலையங்களில் புதியதை ஏற்றினார்கள்.

சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை முதலில் வெற்றுக் கூடுகளை மட்டுமே கட்டியது. உள்ளலங்காரப் பிரிவு 1962இல் வந்தது. இங்கிருந்து போன சாதாரண வகுப்புப் பெட்டிகளின் கூரையில் கம்பிக்கூண்டுக்குள் இருந்த விசிறியைத் தென்னாட்டுப் பயணிகள் நன்றாக அறிவார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தோ மின்னழுத்தம் குறைந்தோ அது மக்கர் செய்தால், யாராவது எழுந்து சீப்பையோ பேனாவையோ கூண்டுக்குள் விட்டு இறக்கையைத் தள்ளிவிடுவார். விசிறியும் முனகிக்கொண்டே ஓடத் தொடங்கும். எந்தக் கையேட்டிலும் இல்லாத பழுதுநீக்கும் முறை அது.

டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தபோது பராமரிப்பு எளிதானது. வண்டி திசை மாறினால் டைனமோவின் மின்முனைகளும் மாறும். அதைச் சரிசெய்யத் தனிச் சுவிட்சு தேவைப்பட்டது. ஆல்டர்னேட்டரில் அந்த வேலையை ரெக்டிஃபையரே பார்த்துக்கொண்டது. பிற்பாடு பிரஷ் இல்லாத மோட்டார் விசிறிகளும் வந்தன. உரசித் தேய கார்பன் இல்லாததால் இரைச்சலும் மின்செலவும் குறைந்தன. சீப்புக்கும் வேலை போயிற்று.

பெரம்பூர் தன் பழைய வகைப் பெட்டிகளின் தயாரிப்பை 2018 ஜனவரியில் நிறுத்தியது. அவற்றுக்குப் பின் வந்த எல்.எச்.பி. பெட்டிகள் மின்சாரத்துக்குச் சக்கரத்தை நம்புவதில்லை. வண்டியின் கோடியில் இருக்கும் டீசல் ஜெனரேட்டர் பெட்டியிலிருந்தோ, எஞ்சின் வழியாக மேல்நிலைக் கம்பியிலிருந்தோ அவற்றுக்கு மின்சாரம் வருகிறது. வண்டி நிலையத்தில் நின்றாலும் விசிறியின் வேகம் குறைவதில்லை.