கடலடிக் கல்லின் நிறம்



திருக்கோணமலைக் கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தது 17ஆம் நூற்றாண்டில். கடலில் வீழ்ந்த அதன் சிதைவுகளை 1956ஆம் ஆண்டில் ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் நீரினுள் மூழ்கிக் கண்டு படம் பிடித்தனர். நீர் செந்நிறத்தையே முதலில் விழுங்கும். ஆதலால் ஆழத்திற் கல்லும் நீலம் பூத்துத் தோன்றும்.

இன்றைய எண்முறைப் படத்துக்கோ இன்னோர் இடர் உண்டு. கோப்பில் இருப்பவை எண்களே. ஒரே எண்ணைத் திரைக்குத் திரை வெவ்வேறு நிறமாகக் காட்டும். மனிதக் கண் காணும் நிறத்தை எண்ணால் அளக்கும் பொதுமுறை 1931இல் வகுக்கப்பட்டது. அதனைத் துணைக்கொண்டு, எவ்வெண் எந்நிறம் என்றுரைக்கும் நிறவிவரத்தைப் படத்தோடு அனுப்பும் ஏற்பாட்டைப் பொதுவாக்க 1993இல் அனைத்துலக நிறக் கூட்டமைப்புத் தோன்றியது. 1996இல் திரைகளுக்கென எஸ்ஆர்ஜிபி என்னும் நிறவெளி முன்வைக்கப்பட்டது.

எனவே, விரிந்த நிறவெளியில் திருத்திய மூலப்படத்தைப் பேணிவைத்து, பிறர்க்கு அனுப்பும் பிரதியை மட்டும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, நிறவிவரத்துடன் அனுப்புதல் வேண்டும். மாற்றாமலே அவ்விவரத்தை நீக்கிவிட்டால், பார்ப்பவர் திரையில் படம் வெளிறிப்போகும். கல்வெட்டில் ஓர் எழுத்துச் சிதைந்தால் பொருள் திரிவதுபோல, சான்றாகும் படத்தில் நிறம் திரிந்தால் வரலாறும் திரியும். ஆலயத்தை ஒருமுறை இழந்தோம். எஞ்சிய கல்லின் நிறத்தையேனும் பழுதின்றி வருங்காலத்தார் கையில் ஒப்படைப்போமாக.